பெயர் பிளேட்டை விட்டுக்கொடுக்காமல் காரை ட்ரேட்-இன் கொடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பப் பெயரும் கடைசியில் குவாசூலு-நட்டால் மாகாணத்தைக் குறிக்கும் இசட்என் என்ற எழுத்துகளும் கொண்ட பர்சனலைஸ்டு நம்பர் அவருடைய காரில் இருக்கிறது. அந்தக் காரை டீலரிடம் ட்ரேட்-இன் கொடுத்து, அதாவது அதன் மதிப்பைப் புதிய காரின் விலையில் கழித்துக்கொண்டு, புதிய கார் எடுக்கப் போகிறார். "பிளேட்டோடு காரை விட்டுவிட்டுப் போங்கள், நம்பரை நாங்களே புதிய காருக்கு மாற்றிவிடுகிறோம்" என்று விற்பனையாளர் சொல்கிறாராம். நம்பலாமா என்பது முதல் கேள்வி. இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய அக்காவும் இதே நேரத்தில் கார் மாற்றுகிறார், அங்கும் இதே நடைமுறைதானா என்பது இரண்டாவது. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் புதிய காரில், பெயர் பிளேட்டோடுதான் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாராம். அதற்கு வழி உண்டா என்பது மூன்றாவது.

தம்பி, நம்ப வேண்டாம். விற்பனையாளர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. காரை விற்பது அவருடைய வேலை. நம்பரைக் காப்பாற்றுவது உங்களுடைய வேலை. டர்பனில் டீலர் கடைகளின் பின்கட்டில் உட்கார்ந்து பதிவுக் காகிதங்களை எழுதியவன் நான். முன்மேசையில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு பின்கட்டுக்கு வந்து சேர்ந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் மேசைக்கு ஒரு கோப்பும் ஒரு சாவியும் வரும். கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வோம். எழுதாததைச் செய்ய எங்களுக்கு அதிகாரமும் கிடையாது.

உங்கள் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிளேட்டில் இருப்பது, அதாவது லைசென்ஸ் நம்பர். மற்றொன்று மூன்று எழுத்து, மூன்று இலக்கம், மறுபடி ஓர் எழுத்து என்ற வடிவில் இருக்கும் வாகனப் பதிவேட்டு எண். இந்த இரண்டாவது எண் காருக்கு உரியது. கார் எத்தனை கை மாறினாலும், டர்பனிலிருந்து கேப் டவுனுக்கே போனாலும், அது மாறாது. லைசென்ஸ் நம்பர் அப்படியல்ல. உரிமையாளர் வசிக்கும் மாகாணத்தை ஒட்டியது. உங்கள் பர்சனலைஸ்டு நம்பர் இந்த வகையைச் சேர்ந்தது. மாகாணம் அதை உங்கள் பெயருக்கு ஒதுக்கியிருக்கிறது. இப்போதைக்கு இந்தக் காரோடு இணைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஸ்குரூடிரைவரால் பிளேட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் நம்பர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். இ-நாட்டிஸ் என்கிற தேசிய வாகனப் பதிவுக் கணினியில் அந்த நம்பர் பழைய காரோடு கட்டப்பட்டே கிடக்கும். அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் உண்மையான வேலை. அதைக் கார் உங்கள் பெயரில் இருக்கும்போதே செய்ய வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த வரிசைதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

வரிசை இதுதான். மோட்டார் லைசென்சிங் அலுவலகத்துக்குப் போய், பழைய காருக்குச் சாதாரண நம்பர் வேண்டும் என்றும், பர்சனலைஸ்டு நம்பரை அடுத்த காருக்காக உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றும் விண்ணப்பியுங்கள். பழைய காருக்குப் புதிய நம்பரும் புதிய டிஸ்க்கும் கிடைக்கும். அந்த நம்பருக்குப் பிளேட் அடித்து மாட்டுங்கள். அதன் பிறகுதான் காரை டீலரிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். புதிய கார் உங்கள் பெயரில் பதிவானதும் பர்சனலைஸ்டு நம்பரை அதோடு இணைக்க விண்ணப்பியுங்கள். நடுவில் நீண்ட இடைவெளி விடாதீர்கள். நம்பர் உங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கிடைத்த காகிதத்தை இந்த நாட்களில் கண்ணும் கருத்துமாக வைத்திருங்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. பர்சனலைஸ்டு நம்பர் போடும் முன் காரில் இருந்த என்டி நம்பர் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். டர்பனுக்கு என்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு என்பி என்று ஊர் எழுத்தோடு தொடங்கும் பழைய முறையைக் குவாசூலு-நட்டால் 2023 டிசம்பரில் கைவிட்டது. இப்போது கிடைப்பது இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, கடைசியில் இசட்என் என்ற புதிய வடிவம். என்டி எழுத்தைப் பார்த்ததும் 'நம்ம ஊர் வண்டி' என்று ஜொகன்னஸ்பர்க் சாலையில் கையசைத்த காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அரசாங்கத்துக்கு வருத்தக் கடிதம் எழுதுவதற்கு இது இடமல்ல.

அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, நடப்பு லைசென்ஸ் காகிதம், நம்பர் ஒதுக்கீட்டுக் காகிதம் ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். மின்கட்டண ரசீது அப்பா பெயரில் இருக்கிறது என்றால் அதற்கான உறுதிமொழிக் காகிதத்தையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். கூட்டுக்குடும்பமாக இருக்கும் நம் வீடுகளில் ரசீது எப்போதும் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோதான் வருகிறது. வரிசையில் நின்று மேசைக்கு வந்த பிறகு இதற்காகத் திரும்பிப் போகிறவர்கள் அதிகம். கட்டணம் மாகாணம் நிர்ணயிப்பது, அவ்வப்போது மாறும். அன்றைய தொகையைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பர்சனலைஸ்டு நம்பர் வேலையை அந்த அலுவலகம் பார்க்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேளுங்கள். வருடாந்திர லைசென்ஸ் புதுப்பிக்கும் எல்லா இடத்திலும் இது நடந்துவிடும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள்.

இன்னொரு தடங்கலும் உண்டு. லைசென்ஸ் கட்டண பாக்கியோ, நீதிமன்றம் வரை போன பழைய அபராதமோ உங்கள் பெயரில் இருந்தால் கணினி கதவைச் சாத்திக்கொள்ளும். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன்ஹில் இறக்கத்தில் கேமராவில் சிக்கி, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுப்பறையில் போட்டுவைத்த கடிதம் இருந்தால் இப்போதே எடுத்துக் கட்டிவிடுங்கள். ட்ரேட்-இன் ஒப்பந்தம் எழுதிய பிறகு இது தெரியவந்தால், டீலர் அவசரப்படுத்துவார், அலுவலகம் மறுக்கும், நடுவில் நீங்கள் திண்டாடுவீர்கள்.

அடுத்து கடன். உங்கள் காருக்கு வங்கிக் கடன் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் டர்பனில் நிறையக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரு காருக்கு 'டைட்டில் ஹோல்டர்' ஒருவர், 'ஓனர்' ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கலாம். கடன் முடியும்வரை டைட்டில் ஹோல்டர் வங்கி. காரை வைத்திருந்து ஓட்டும் நீங்கள் ஓனர். பதிவுச் சான்றிதழான ஆர்சி1 வங்கியின் கையில்தான் இருக்கும். ட்ரேட்-இன் என்றால் டீலர் வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, பணத்தைக் கட்டி, சான்றிதழைப் பெறுவார். இந்தப் பாக்கித் தொகைக் கடிதம் கேட்கும்போதே, காரின் லைசென்ஸ் நம்பர் மாறப்போகிறது என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கடிதத்தில் பழைய நம்பர், காரில் புதிய நம்பர் என்று இருந்தால், பதிவேட்டு எண்ணும் விஐஎன் என்ற அடிச்சட்ட எண்ணும் ஒன்றாக இருந்தாலும், யாராவது ஒரு குமாஸ்தா கோப்பை ஓரமாக வைத்துவிடுவார். அப்படி ஓரமாக வைத்த கோப்பை மறுபடி நடுமேசைக்குக் கொண்டுவருவதற்குள் நீங்கள் எத்தனை முறை தொலைபேசியில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

புதிய கார் யார் பெயரில் வரப்போகிறது என்பதையும் பாருங்கள். இதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. வட்டி குறைவாகக் கிடைக்கும் என்று மனைவியின் பெயரில் கடன் எடுப்பார்கள். வரிக்கு வசதி என்று கம்பெனி பெயரில் எடுப்பார்கள். கடைசி நாளில் நம்பரைக் கேட்டால், நம்பர் கணவன் பெயரில், கார் மனைவி பெயரில். இ-நாட்டிஸுக்கு உறவுமுறை தெரியாது. நம்பர் யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவரே புதிய காரின் ஓனராக இருக்கும்படி கடன் விண்ணப்பத்தையே எழுதுங்கள். கடன் ஒப்புதலான பிறகு பெயரை மாற்றுவது என்றால் முழு விண்ணப்பமும் முதலிலிருந்து தொடங்கும்.

மாகாணமும் அப்படித்தான். ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் மைத்துனரின் முகவரியில் காரைப் பதிவு செய்தால் கடைசி எழுத்துகள் கௌடெங் மாகாணத்தின் ஜிபி ஆகிவிடும். இசட்என் நம்பரை அங்கே கொண்டுபோக முடியாது. அங்கே வேண்டுமென்றால் அதே பெயருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நாயுடு, பிள்ளை, செட்டி, மூட்லி போன்ற பெயர்களைக் கௌடெங்கில் இன்னும் யாரும் எடுக்காமல் விட்டுவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நட்டாலிலும் இதே கதைதான். பின்னால் ஓர் இலக்கமும் ஒட்டாமல் சுத்தமாகக் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும் நம்பர் உங்களிடம் இருக்கிறது என்றால், அதைக் கைவிட்டால் மறுபடி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பெயருக்குப் பின்னால் நாலு இலக்கம் ஒட்டியிருந்தால், "விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

டீலரோடு எழுதும் ஒப்பந்தத்துக்கு வருவோம். 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' என்ற காகிதத்தில் கையெழுத்திடும் முன், அதிலேயே, அச்சிட்ட வரிகளுக்குக் கீழே கையால் எழுதச் சொல்லுங்கள்: ட்ரேட்-இன் காரின் விலையில் பர்சனலைஸ்டு நம்பர் சேராது, அது வாடிக்கையாளருடையது, புதிய காரைச் சாதாரண நம்பரில் பதிவு செய்த பிறகு இந்த நம்பரை அதோடு இணைக்கும் வேலையை யார் செய்வது, அதற்கான கட்டணம் யாருடையது. மேலாளர் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடட்டும். நான் மேலே சொன்ன பின்கட்டுக் கோப்பில் போய்ச் சேர்வது இந்தக் காகிதம் மட்டும்தான். புதிய காரின் பதிவை டீலரே செய்து தருவது வழக்கம், அதில் தவறில்லை. பழைய காரிலிருந்து நம்பரைக் கழற்றுவதை மட்டும் அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? காரணம் இருக்கிறது. நீங்கள் காரை விட்டுவிட்டு வந்ததும், டீலர் அதைத் தன் கையிருப்பாக இ-நாட்டிஸில் பதிவு செய்ய வேண்டும். ஒழுங்கானவர்கள் உடனே செய்வார்கள். சிலர், அடுத்த வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார், இரண்டு முறை பதிவு எதற்கு என்று காகிதத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். அப்படித் திறந்து வைத்த ஒரு காரில், என் உறவினர் ஒருவரின் பெயர் பெரிய எழுத்தில் முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு, யாரோ வாரக்கணக்கில் தெற்குக் கடற்கரைப் பக்கம் சுற்றியிருக்கிறார். வேக அபராதங்கள் எல்லாம் உறவினர் வீட்டுக்கு. அபராதத்தைவிட அவரைச் சுட்டது, கோவிலில் பார்த்த ஒருவர் "என்ன அண்ணா, மார்கேட் பக்கம் அப்படிப் பறக்கிறீர்கள்?" என்று கேட்டதுதான். சாதாரண நம்பர் என்றால் ஊருக்குத் தெரியாது. பெயர் பிளேட்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

ஆகவே காரை ஒப்படைக்கும் நாளில் செய்ய வேண்டியது: என்சிஓ என்ற உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை நீங்களே நிரப்பி, டீலரின் விவரத்தோடு லைசென்சிங் அலுவலகத்தில் சேர்த்து, ஒரு நகலை முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் தன் பெயரில் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. அந்த 21 நாளில் கார் என்ன செய்தாலும் உங்கள் பக்கம் வராமல் காப்பது இந்த நகல்தான். காரை விட்ட தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி டீலரின் கையெழுத்து வாங்குங்கள். பழைய பெயர் பிளேட்டுகள் இரண்டும் உங்களிடம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். மாட்டப் போவதில்லை என்றால் அறுத்துப் போடுங்கள். அப்படியே குப்பையில் எறிந்தால் அது வேறொரு காரில் ஏறும். போலிப் பிளேட் மாட்டிக்கொண்டு பெட்ரோல் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நம் ஊரில் குறைவா என்ன?

புதிய கார் டீலரிடமிருந்து வரும்போது பெரும்பாலும் தற்காலிக அனுமதிக் காகிதத்தோடுதான் வரும். அதுவும் 21 நாள்தான். இணைப்பு வேலையை அந்த அவகாசத்துக்குள் முடிக்கப் பாருங்கள். நம்பர் புதிய காருக்கு மாறிய பிறகு தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியல் நீளம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள், தொலைபேசியில் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கார் திருடுபோனால் இருக்குமிடம் காட்டும் டிராக்கர் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். மரியன்ஹில், டொங்காட் சுங்கச் சாவடிகளில் தானாகக் கட்டணம் கழியும் டேக் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கிலும் மாற்ற வேண்டும். கௌடெங்கின் இ-டோல் என்ற மின்னணுச் சுங்கம் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது, ஆனால் சாதாரணச் சுங்கச் சாவடிகள் அப்படியேதான் இருக்கின்றன. காவலாளி டிஸ்க்கை ஸ்கேன் செய்து உள்ளே விடும் குடியிருப்பில் யாராவது உறவினர் இருந்தால், அங்கேயும் பழைய காரின் விவரம் பதிந்திருக்கும். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய காரின் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்பரைக் கழற்றிய நாளுக்கும் காரை ஒப்படைக்கும் நாளுக்கும் நடுவில் அந்தக் கார் வேறு நம்பரில் ஓடுகிறது. அந்த நாட்களுக்கும் நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் போதும்.

இனி அக்கா விஷயம். இங்கிலாந்து நடைமுறை வேறு. அதிகத் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் தவறினால் இங்கேயாவது கெஞ்சிப் பார்க்கலாம், அங்கே அதற்கும் வழியில்லை. அங்கே ஸ்வான்சியில் இருக்கும் டிவிஎல்ஏ என்ற ஓட்டுநர், வாகன அமைப்புதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பர்சனலைஸ்டு நம்பரை அங்கே பிரைவேட் நம்பர் என்பார்கள், அதோடு காரை விற்றுவிட்டால், அந்த நம்பரின் உரிமையும் காரோடு புதியவருக்குப் போய்விடும். "மறந்துவிட்டேன்" என்று எழுதினால், வாங்கியவரிடம் பேசிப் பாருங்கள் என்பதுதான் பதிலாக வரும். வாங்கியவர் ஒரு டீலராக இருந்தால் அவர் அதைச் சும்மா திருப்பித் தருவாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா செய்ய வேண்டியது, காரைக் கொடுக்கும் முன் நம்பரை 'ரிடென்ஷன்' என்ற நிறுத்திவைப்பில் போடுவது. கையில் வி5சி என்ற பதிவுக் காகிதம், அதாவது லாக் புத்தகம், இருந்தால் இணையத்திலேயே செய்துவிடலாம். அதிலுள்ள 11 இலக்க எண்ணைக் கேட்கும். கட்டணம் 80 பவுண்டு. தபாலில் செய்வதென்றால் வி317 படிவம். முடிந்ததும் வி778 என்ற சான்று வரும். அதில் நம்பர் 10 ஆண்டுக்கு அக்கா பெயரில் பத்திரமாக இருக்கும், பிறகு நீட்டிக்கக் கட்டணம் இல்லை. முன்பு ஆண்டுதோறும் 25 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. 2015 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். பின்னால் புதிய காருக்கு நம்பரைப் போடும்போதும் தனியாகக் கட்டணம் கிடையாது. அந்த 80 பவுண்டிலேயே அது அடக்கம்.

பழைய காருக்கு அங்கே பெரும்பாலும் அதனுடைய முதல் நம்பரே திரும்பி வரும். இங்கே நீங்கள் எதிர்பார்த்து ஏமாறுவது அங்கே நடக்கிறது. அந்த நம்பருக்குப் பிளேட் அடித்து மாட்டிய பிறகே காரை ஓட்ட வேண்டும். புதிய லாக் புத்தகம் தபாலில் வரும். அது வருவதற்குள் காரைக் கொடுக்க வேண்டியிருந்தால் டீலரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சில டீலர்கள் புத்தகம் கைக்கு வராமல் காரை எடுப்பதில்லை. ஆகவே அக்கா சில வாரம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

எல்லாக் காருக்கும் இது கிடைக்காது. கார் பிரிட்டனில் பதிவானதாக, சொந்த இயந்திர பலத்தில் ஓடக்கூடியதாக, எம்ஓடி என்ற சாலைத் தகுதிச் சோதனை போன்ற பரிசோதனைக்கு உட்படும் வகையாக இருக்க வேண்டும். கடைசி ஐந்து ஆண்டில் தொடர்ந்து வரி கட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது சாலையில் ஓடவில்லை என்ற 'சோர்ன்' அறிவிப்பு இருந்திருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் 'ரெஜிஸ்டர்டு கீப்பர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். அக்காவின் கார் கம்பெனி கார் என்றால் அங்கே கம்பெனி பெயர்தான் இருக்கும். அப்போது காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கம்பெனியிடம் பேசி அவர்கள் வழியாகத்தான் நம்பரை எடுக்க வேண்டும். இதில்தான் நம் பிள்ளைகள் பலர் அங்கே இடறி விழுகிறார்கள். பிளேட் தங்களுடையது, பணமும் தாங்கள் கட்டியது, ஆனால் காகிதத்தில் கம்பெனி.

புதிய காருக்குப் போடும்போது முக்கியமான விதி: நம்பர் காரை அதன் வயதைவிடப் புதியதாகக் காட்டக்கூடாது. 2001 செப்டம்பரிலிருந்து வந்த முறையில் நம்பரின் நடுவில் இருக்கும் இரண்டு இலக்கம் பதிவான காலத்தைச் சொல்லும். 22 என்று இருக்கும் நம்பரை 2019ஆம் ஆண்டுக் காரில் போட முடியாது, 2024ஆம் ஆண்டுக் காரில் போடலாம். புத்தம்புதிய கார் என்றால் வி778 விவரத்தைக் கொடுத்துவிட்டால் டீலரே முதல் பதிவிலேயே அந்த நம்பரைப் போட்டுவிடுவார். லண்டன் பக்கம் இருந்தால் நெரிசல் கட்டணம், புகை மாசு அதிகமான வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் ஆகியவற்றுக்கான தானியங்கிக் கணக்கில் நம்பரை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். கேமரா நம்பரைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது.

வி778இல் இருக்கும் நம்பரை வேறொருவர் பெயரில் இருக்கும் காருக்கும் கொடுக்கலாம். அக்காவின் நம்பர் அத்தான் காரில் ஏற எந்தத் தடையும் இல்லை. இங்கே நான் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு அக்காவையும் பயமுறுத்திவிடாதீர்கள். அதேபோல் அக்கா வழியைப் பார்த்து, இங்கேயும் 10 ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ஒரே குடும்ப வாட்ஸ்அப்பில் கலந்து பேசித்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். பெயர் பிளேட் உங்களுக்கு வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டீர்களா? வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பார்த்தே குடும்பப் பெயரை எவனும் தெரிந்துகொள்ளலாம். ராபட் என்று நாம் சொல்லும் சிக்னல் விளக்கில் நிற்கும்போது பின்னால் வருபவனும் தெரிந்துகொள்ளலாம். விலையுயர்ந்த கார், அதில் பெரிய எழுத்தில் பெயர் என்றால், கார் பறிப்பு நடக்கும் ஊரில் அது ஒரு விளம்பரம். என் சொந்தக் காரில் சாதாரண நம்பர்தான். ஆனால் அப்பா ஆசைப்பட்டு எடுத்த நம்பர், அம்மாவுக்கு அது அவருடைய ஞாபகம் என்று இருந்தால் நான் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. நம்பர் அப்பா பெயரில் ஒதுக்கப்பட்டதா, உங்கள் பெயரிலா என்பதை மட்டும் இன்றைக்கே காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா பெயரில் இருந்தால் ட்ரேட்-இன் பேச்சையே நிறுத்திவிட்டு, முதலில் லைசென்சிங் அலுவலகத்தில் அதைப் பேசி முடியுங்கள்.

கடைசியாக அம்மாவின் புனித வெள்ளி. ஈஸ்டர் வாரத்தில் அலுவலகங்களுக்கு வெள்ளியும் திங்களும் விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் எல்லாரும் ஊருக்குப் போகும் முன் டிஸ்க் புதுப்பிக்க வரிசையில் நிற்பார்கள். ஆகவே பழைய காரின் நம்பர் மாற்றத்தை ஈஸ்டருக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பு தொடங்கிவிடுங்கள். டீலர் புதிய காரைத் தரும் நாளை அதற்குப் பிறகு வையுங்கள். பிளேட் அடிக்கும் கடைக்குப் புதிய டிஸ்க்கின் காகிதத்தைக் கொண்டுபோனால் பெரும்பாலும் காத்திருக்கும்போதே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் தாமதமானால், தற்காலிக அனுமதிக் காகிதத்தோடு இசிப்பிங்கோ போகச் சட்டத்தில் தடையில்லை. பூசாரி எலுமிச்சையை டயருக்கு அடியில் வைக்கும்போது பிளேட்டைப் பார்ப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, கோவிலுக்காகப் பெயர் பிளேட்டை மட்டும் ஒருநாள் மாட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இணைக்கப்படாத நம்பரை மாட்டிக்கொண்டு ஓடும் கார் காவல்துறை கண்ணில் போலிப் பிளேட் கார்தான், விடுமுறை நாட்களில் என்2 நெடுஞ்சாலையில் சோதனையும் அதிகம்.